இந்த எலும்பு யாருடையது?

தகனம் முடிந்த மறுநாள் காலை அஸ்தி எடுக்க மயானத்திற்குச் சென்றிருக்கிறீர்களா? சென்றிருந்தால் இந்தக் காட்சி உங்களுக்குப் பழக்கமானதாக இருக்கும். சிதை ஆறிக் கிடக்கும். பால் தெளிப்பார்கள். மயான ஊழியர் சாம்பலை மெல்லக் கிளறி, காலில் தொடங்கித் தலை வரை ஒவ்வோர் இடத்திலிருந்தும் ஒரு துண்டு எலும்பை எடுத்து மண் கலயத்தில் இடுவார்.

என் தந்தையாருக்கு அந்தச் சடங்கைச் செய்தபோது, துக்கத்திற்கு நடுவிலும் இயற்பியல் ஆசிரியனின் புத்தி சும்மா இருக்கவில்லை. கலயத்தில் விழுந்த துண்டுகளில் சில சுண்ணக்கட்டி போல வெண்மையாக இருந்தன. சில நீலம் கலந்த சாம்பல் நிறம். ஒரு துண்டு கன்னங்கரேல் என்று இருந்தது. ஒரே உடல், ஒரே தீ. மூன்று நிறங்கள் எப்படி வந்தன? இது அன்று தோன்றிய கேள்வி.

இரண்டாவது கேள்வி சில ஆண்டுகள் கழித்துத்தான் தோன்றியது. அந்தக் கலயத்தில் இருந்தவை என் தந்தையின் எலும்புகள்தாம் என்று எனக்கு எப்படித் தெரியும்? நானே கொள்ளி வைத்தேன், அந்த மேடையில் வேறு யாரையும் வைக்கவில்லை, ஆகவே தெரியும். எலும்பைப் பார்த்து நான் அறிந்துகொண்டது ஒன்றுமில்லை. விமானம் விழுந்து எரியும்போதும், பேருந்து தீப்பிடிக்கும்போதும், கொலையாளி உடலைச் சிதைத்து எறியும்போதும் இந்தத் தொடர்ச்சி அறுந்துவிடுகிறது. அங்கே முகம் இல்லை, ரேகை இல்லை, சில வேளைகளில் முழு உடலே இல்லை. அப்போதும் "இவர் இன்னார்" என்று சொல்ல முடியுமா? பெரும்பாலும் முடியும். எப்படி என்பதையும், எங்கே தவறிவிடுகிறோம் என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

சூளையில் இட்ட எலும்பு

முதலில் நிறத்தின் கதை. எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஹைட்ராக்சி அபடைட் என்னும் கால்சியம், பாஸ்பேட் சேர்ந்த கனிமம். எஞ்சியதில் பெரும்பகுதி கொல்லாஜன் என்ற புரதம். கனிமம் விறைப்பைத் தருகிறது. புரதம் வளைந்து கொடுக்கும் தன்மையைத் தருகிறது. கோழிக்கால் எலும்பு ஒன்றைச் சில நாட்கள் வினிகரில் ஊறப்போட்டுப் பாருங்கள். அமிலம் கனிமத்தைக் கரைத்துவிடும். எலும்பு ரப்பர் போல வளையும். தீ இதற்கு நேர் எதிரான வேலையைச் செய்கிறது. அது புரதத்தை எரித்துவிட்டுக் கனிமத்தை விட்டுவைக்கிறது.

சாண வறட்டியை எரித்துத் திருநீறு எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. காற்றுப் படாத உட்பகுதி கரியாகவே நிற்கும்; நன்றாக வெந்த பகுதி வெளுத்திருக்கும். எலும்பும் அப்படித்தான். வெப்பநிலை 300 டிகிரி சென்டிகிரேடை நெருங்கும்போது புரதம் கருகிப் பழுப்பும் கறுப்பும் ஆகிறது. 500, 600 டிகிரி அளவில் கரி எரிந்து குறையக் குறையச் சாம்பல் நிறமும் நீலச் சாயலும் வருகின்றன. 800 டிகிரிக்கு மேல் கரி முழுதும் போய் வெள்ளைக் கனிமம் மட்டும் மிஞ்சுகிறது. ஆனால் நிறத்தை வெப்பமானி போல நம்பிவிடக் கூடாது. எவ்வளவு நேரம் எரிந்தது, காற்று எவ்வளவு கிடைத்தது என்பவையும் அதைத் தீர்மானிக்கின்றன. ஒரே எலும்பின் ஒரு முனை வெண்மையாகவும் மறு முனை கறுப்பாகவும் இருந்தால், கறுத்த முனை உடலுக்கு அடியிலோ சதைக்குள்ளோ காற்றுக்கு மறைந்து இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர் ஊகிக்கிறார். என் தந்தையின் கறுத்த துண்டு எங்கிருந்து வந்திருக்கும் என்பது இப்போது எனக்கு ஓரளவு புரிகிறது.

நிறத்தை விடத் தொல்லை தருவது சுருக்கம். குயவர் வனைந்த பானை சூளைக்குப் போய் வந்தால் சற்றுச் சிறுத்துவிடும் அல்லவா? எலும்பும் சிறுக்கிறது. 800 டிகிரிக்கு உட்பட்ட தீயில் சுருக்கம் சொற்பம். அதற்கு மேல் கனிமப் படிகங்கள் ஒன்றோடொன்று இணைந்து பெரிதாகும்போது நூற்றுக்குப் பத்து, சில வேளை அதற்கும் மேல் சுருங்குகிறது. இதனால் வரும் பிழையை ஒரு சிறு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். தொடை எலும்பின் நீளத்திலிருந்து ஆளின் உயரத்தைக் கணிக்கச் சூத்திரங்கள் உண்டு. அவற்றில் தொடை எலும்பின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் உயரம் ஏறக்குறைய 2.4 சென்டிமீட்டர் மாறும். 45 செ.மீ. எலும்பு பத்து விழுக்காடு சுருங்கி 40.5 செ.மீ. ஆனால், கணிக்கும் உயரம் ஏறத்தாழ 11 செ.மீ. குறைந்துவிடும். உயரமான ஒருவர் குள்ளமானவராகிவிடுவார். நிறத்தைக் கவனிக்காமல் அளவுகோலை மட்டும் எடுத்துச் சென்றவர் தவறான ஆளைத் தேடிக்கொண்டிருப்பார்.

இன்னொரு தவறான எண்ணத்தையும் இங்கேயே போக்கிவிடலாம். தீயில் இறந்தவர்களின் கைகள் குத்துச்சண்டை வீரரைப் போல மடங்கி, விரல்கள் முஷ்டியாக இருப்பதைக் கண்டு, "கடைசி வரை போராடியிருக்கிறார்" என்று சொல்வதுண்டு. வெப்பத்தில் தசைகள் சுருங்குகின்றன. மடக்கும் தசைகள் நீட்டும் தசைகளை விட வலுவானவை. அவ்வளவுதான். இறந்த பிறகு தீயில் அகப்பட்ட உடலிலும் இந்த நிலை தோன்றும். உறவினர்கள் மனத்தில் ஆயுள் முழுவதும் முள்ளாகத் தைத்திருக்கும் செய்தி இது என்பதால் சொல்கிறேன்.

ஆய்வுக் கூடத்திற்கு எலும்புகள் வந்ததும் கேட்கப்படும் முதல் கேள்வி "யார்?" என்பதன்று. மனித எலும்புதானா, எத்தனை பேருடையது என்பவையே முதலில் வரும். எண்ணும் முறை எளிது. ஒருவருக்கு வலது தொடை எலும்பு ஒன்றுதான் உண்டு. வலது தொடையின் பந்து முனைகள் மூன்று கிடைத்தால் குறைந்தது மூன்று பேர். காதின் உட்பகுதியைத் தாங்கும் எலும்பு உடலிலேயே மிகச் செறிவானவற்றுள் ஒன்று. மற்றவை நொறுங்கினாலும் அது பல வேளைகளில் தப்பிவிடும். அதையும் எண்ணலாம். இடுப்பு எலும்பின் வடிவம் ஆணா பெண்ணா என்பதையும், எலும்பு முனைகள் இணைந்துள்ள நிலை ஏறத்தாழ எந்த வயது என்பதையும் கூறும். ஆனால் "முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்" என்பது ஒரு வகைதான். அது ஓர் ஆளின் பெயர் ஆகாது. பெயர் கிடைக்க வேண்டுமானால் அந்த ஆளுக்கே உரிய ஒன்று வேண்டும்.

பாரிஸ் நகரத்துப் பல் மருத்துவர்கள்

1897-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள். பாரிஸ் நகரில் செல்வர் வீட்டுப் பெண்கள் கூடி நடத்திய தருமச் சந்தை ஒன்றில், அப்போது புதிதாக வந்திருந்த சினிமாப் படம் காட்ட ஏற்பாடு செய்திருந்தார்கள். மின்விளக்கு அல்ல, ஈதர் ஆவியும் ஆக்சிஜனும் சேர்ந்து எரியும் விளக்கு. அதில் ஈதரை நிரப்பும்போது கிழித்த ஒரு தீக்குச்சி போதுமானதாயிற்று. மரமும் துணியும் காகிதமுமாக அமைந்த அந்தக் கொட்டகை சில நிமிடங்களில் எரிந்து முடிந்தது. 120-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்; அவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

ஆடையும் நகையும் கொண்டு பலரை அடையாளம் கண்டார்கள். முப்பது பேர் போல எஞ்சினர். அப்போது பராகுவே நாட்டுத் தூதரக அதிகாரி ஒருவர், இவர்களுக்கு வைத்தியம் பார்த்த பல் மருத்துவர்களை அழைக்கலாமே என்று யோசனை கூறினார். ஆஸ்திரிய அரசியின் தங்கையான அலாங்சோன் சீமாட்டி, அவருடைய பல் மருத்துவர் வைத்திருந்த குறிப்பேட்டைக் கொண்டே அடையாளம் காணப்பட்டார். இந்த அனுபவத்தைக் கொண்டு ஆஸ்கர் அமோயேதோ என்ற கியூபா நாட்டுப் பல் மருத்துவர் அடுத்த ஆண்டே தடயவியல் பல் மருத்துவத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அத்துறையின் தொடக்க நூல் என்று அதைக் கூறுவார்கள்.

பல் ஏன் தப்பியது? அதன் மேலுறையான எனாமலில் எடைக்கு நூற்றுக்கு 96 பங்கு கனிமம். எரிய வேண்டியது அதில் மிகக் குறைவு. போதாததற்குக் கன்னமும் நாக்கும் ஈரத் துணி போலப் பற்களை மூடியிருக்கின்றன. வேரைத் தாடை எலும்பு காக்கிறது. கடுந்தீயில் எனாமல் வெடித்துக் கழன்றுவிடுவது உண்மையே. ஆனால் வேர்கள் தாடைக்குள் இருந்துவிடும். மருத்துவர் இட்டவையும் தீக்கு எளிதில் மசிவதில்லை. தங்கம் உருக 1064 டிகிரி வேண்டும். பற்களைப் பொருத்த எலும்பில் திருகும் டைட்டானியம் 1668 டிகிரி வரை தாங்கும். முழங்கால், இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சையில் வைக்கும் உலோகப் பாகங்களில் உற்பத்தி எண்ணே பொறித்திருக்கும்; மருத்துவமனையின் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே ஒரு பெயர் இருக்கும்.

எக்ஸ்ரே படமும் இவ்வாறே உதவுகிறது. நம் நெற்றி எலும்புக்குள் காற்று நிறைந்த குழிவுகள் உண்டு. அவற்றின் ஓர விளிம்பு, ஆளுக்கு ஆள் கடற்கரைக் கோடு போல வேறுபடும். எப்போதோ சைனஸ் தொல்லைக்காக எடுத்த படம் ஒன்று வீட்டில் இருந்து, மண்டை ஓட்டையும் அதே கோணத்தில் படம் எடுத்தால், இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். எக்ஸ்ரே மூலம் இப்படி அடையாளம் கண்ட செய்தி 1927-லேயே மருத்துவ இதழில் வெளியாயிற்று.

அறிந்தே அழித்தவர்

தீ எதை அழிக்கிறோம் என்று அறியாமல் அழிக்கிறது. எவையெல்லாம் அடையாளம் என்று நன்கறிந்த ஒருவரே அவற்றை அழித்தால் என்ன ஆகும்? அதற்கு உதாரணமாகத் தடய மருத்துவ நூல்கள் விடாமல் எடுத்துக்காட்டுவது ரக்ஸ்டன் வழக்கு.

1935 செப்டம்பர் 29 அன்று, தெற்கு ஸ்காட்லாந்தில் மாஃபட் என்னும் ஊருக்கு அருகே, பாலத்தின்மீது நடந்துசென்ற ஒரு பெண் கீழே ஓடையில் மூட்டையிலிருந்து நீண்ட ஒரு கையைக் கண்டார். அந்தப் பள்ளத்தாக்கில் எழுபதுக்கு நெருக்கமான துண்டுகள் கிடைத்தன. இரண்டில் ஒன்று ஆணின் உடல் என்றுகூட முதலில் எண்ணினார்கள். காது, மூக்கு, உதடு, கண்கள் அகற்றப்பட்டிருந்தன, பற்கள் பிடுங்கப்பட்டிருந்தன, ஓர் உடலின் விரல் நுனிகள் வெட்டப்பட்டிருந்தன. மூட்டுகளைக் கோடரியால் பிளக்காமல் கத்தியால் நேர்த்தியாகப் பிரித்திருந்த விதத்திலிருந்தே, செய்தவருக்கு உடற்கூறு தெரியும் என்பது தெரிந்துவிட்டது.

சுற்றியிருந்த காகிதங்களில் ஒன்று 'சண்டே கிராஃபிக்' பத்திரிகையின் செப்டம்பர் 15 இதழ். அதிலும் லங்காஸ்டர், மோர்காம் பகுதிக்கு மட்டும் தனியே அச்சிட்ட பதிப்பு. காவல் துறையினர் இங்கிலாந்திலுள்ள லங்காஸ்டருக்கு வந்தார்கள். அங்கே மருத்துவர் பக் ரக்ஸ்டன் என்பவரின் துணைவி இசபெல்லாவும், குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட இருபது வயது மேரி ரோஜர்சனும் அந்த மாதத்தின் நடுவிலிருந்து காணாமற் போயிருந்தார்கள். ரக்ஸ்டன் பம்பாயில் பிறந்து மருத்துவம் படித்தவர்.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத் தடய மருத்துவப் பேராசிரியர் ஜான் கிளைஸ்டரும், எடின்பரோ பல்கலைக்கழக உடற்கூறு இயல் பேராசிரியர் ஜேம்ஸ் பிராஷும் துண்டுகளை இரண்டு உடல்களாகச் சேர்த்தார்கள். எலும்பு முனைகள் இணைந்திருந்த நிலையிலிருந்து ஒருவர் 18-க்கும் 25-க்கும் இடைப்பட்டவர், மற்றவர் அவரைவிட மூத்தவர் என்றார்கள். மேரிக்கு ஒரு கண்ணில் மாறுகண் உண்டு. இளைய உடலில் கண்கள் இல்லை. இசபெல்லாவின் கால்கள் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை ஒரே பருமனாக இருக்கும் என்பது தெரிந்தவர்கள் சொன்னது. மூத்த உடலில் சரியாக அந்த இடத்துச் சதை வழித்தெடுக்கப்பட்டிருந்தது. இளைய உடலின் கைகளில் மேல்தோல் உரிந்திருந்தாலும் அடித்தோலில் ரேகைகள் இருந்தன. அவை ரக்ஸ்டன் வீட்டில் மேரி புழங்கிய பொருள்களில் பதிந்திருந்த ரேகைகளுடன் ஒத்திருந்தன.

இயற்பியல் படிப்பவர்கள் இந்த வழக்கில் நின்று பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. இசபெல்லா தலையில் கிரீடம் போன்ற அணி ஒன்று அணிந்து ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்ட படம் கிடைத்தது. அந்தப் படத்தையும் மண்டை ஓட்டின் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கலாம் என்று பிராஷ் முடிவு செய்தார். கேட்பதற்கு எளிது. ஆனால் இரண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டுமே! பொருத்தம் வரும்வரை படத்தை இஷ்டத்திற்குப் பெரிதாக்கினால் எந்த மண்டை ஓடும் எந்த முகத்திற்குள்ளும் புகுந்துவிடும். படத்திலேயே உண்மை நீளம் தெரிந்த ஒரு பொருள் வேண்டும். அந்தத் தலையணியே அந்தப் பொருளாயிற்று. அசல் அணியைத் தேடிப்பிடித்து அளந்து, படத்தில் அதன் அளவோடு ஒப்பிட்டு, முகத்தை இயல்பான அளவுக்குப் பெரிதாக்கினார்கள்.

அளவு சரியானால் போதாது. தொலைவும் சரியாக வேண்டும். காமிராவுக்கும் காதுக்கும் உள்ள தூரம் 1 மீட்டர் என்று கொள்ளுங்கள். மூக்கு நுனி காதைவிட ஏறக்குறைய 12 செ.மீ. முன்னே இருக்கிறது, அதாவது காமிராவிலிருந்து 88 செ.மீ. பிம்பத்தின் அளவு தொலைவுக்கு எதிர்விகிதத்தில் மாறுவதால் மூக்கு, காதோடு ஒப்பிட 14 விழுக்காடு பெரிதாகப் பதியும். அதே ஆளை 3 மீட்டர் தொலைவிலிருந்து எடுத்தால் இந்த வேறுபாடு 4 விழுக்காடுதான். கைப்பேசியில் மிக அருகில் வைத்து எடுத்த படத்தில் மூக்கு பெரிதாகத் தெரிவது இதனாலேயே. லென்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆகவே மண்டை ஓட்டையும் ஸ்டூடியோவில் அவர் அமர்ந்த அதே கோணத்தில், அதே தொலைவு வருமாறு வைத்துப் படம் எடுக்க வேண்டும். ஒன்றை நெகட்டிவாகவும் மற்றதை பாசிட்டிவாகவும் அச்சிட்டு அடுக்கியபோது, இரண்டு மண்டை ஓடுகளுள் ஒன்று கண்குழி, மூக்கெலும்பு, தாடை வளைவு என்று இசபெல்லாவின் முகத்திற்குள் அமர்ந்தது. மற்றது அமரவில்லை.

இதிலிருந்து என்ன முடிவுக்கு வரலாம்? பொருந்தாத மண்டை ஓடு அவருடையதன்று என்று உறுதியாகச் சொல்லலாம். பொருந்தியது அவருடையதாக இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும்; அதே வடிவமுள்ள வேறொரு மண்டை ஓடு உலகில் இல்லை என்று இந்தப் படம் நிரூபிப்பதில்லை. "அன்று" என்பதற்கும் "ஆம்" என்பதற்கும் இடையே இந்தப் பெரிய வேறுபாடு எல்லா அடையாள முறைகளுக்கும் பொது. வயது, கால் அச்சு, ரேகை, படம் எல்லாம் ஒரே திசையில் சேர்ந்ததால்தான் வழக்கு நின்றது. 1936 மே 12 அன்று ரக்ஸ்டன் தூக்கிலிடப்பட்டார்.

நான்கு எழுத்துக் கணக்கு

இன்று இதே வேலையில் முன்னிற்பது டி.என்.ஏ. 1984-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் கண்ட முறையிலிருந்து வளர்ந்தது இது. டி.என்.ஏ.யின் சில குறிப்பிட்ட இடங்களில் நான்கைந்து எழுத்துகள் கொண்ட ஒரு சிறு சொல் திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒவ்வோர் இடத்திலும் நமக்கு இரண்டு எண்கள்: ஒன்று தந்தை தந்தது, மற்றது தாய் தந்தது. தந்தைக்கு 12, 15. தாய்க்கு 9, 14 என்றால் பிள்ளைக்கு 12, 14 வரலாம். 12, 9 வரலாம். 12, 15 வராது. மரபணுவில் அபூர்வமாக நேரும் மாற்றத்தை ஒதுக்கிவிட்டால், சில இடங்களில் பொருந்தாமை கண்டாலே இவர் அவர்களுடைய பிள்ளையல்ல என்று விலக்கிவிடலாம்.

"ஆம்" என்பதற்குத்தான் பெருக்கல் வேண்டும். ஓர் இடத்தில் தற்செயலாகப் பொருந்த வாய்ப்பு பத்தில் ஒன்று என்று வைத்துக்கொண்டால், 13 இடங்களிலும் தற்செயலாகப் பொருந்த வாய்ப்பு பத்து இலட்சம் கோடியில் ஒன்று. உலக மக்கள் தொகையோ எண்ணூறு கோடி சொச்சம். இது விளக்கத்திற்காகப் போட்ட கணக்கு. உண்மையில் ஒவ்வோர் இடத்துக்கும் வாய்ப்பு வேறு, இறந்தவரின் டி.என்.ஏ.யை அவருடைய சகோதரருடன் மட்டும் ஒப்பிட நேர்ந்தால் உறுதி வெகுவாகக் குறைந்துவிடும். பெற்றோர் இருவருமோ, பிள்ளைகளோ இரத்தம் தருவது நல்லது.

தீ இதையும் விட்டுவைப்பதில்லை. நீண்ட டி.என்.ஏ. இழை வெப்பத்தில் துண்டு துண்டாகிறது. முழுதும் வெளுத்த எலும்பில் பயன்படுமாறு ஒன்றும் கிடைப்பது அரிது. கறுத்த நிலையில் நின்ற தடித்த எலும்பின் உட்பகுதியிலும், பல்லுக்கு உள்ளேயும் தேடுவார்கள். அங்கேயும் இல்லையென்றால் மைட்டோகாண்டிரியா இருக்கிறது. ஒரு செல்லில் உட்கருவின் டி.என்.ஏ. ஒரு தொகுதிதான், மைட்டோகாண்டிரியாவின் டி.என்.ஏ. நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் படிகள் உண்டு. எங்கேனும் ஒரு படி பிழைத்திருக்கும். ஆனால் அது தாய்வழியில் மட்டும் வருவதால் ஒரு பாட்டியின் பெண்வழி முழுவதற்கும் பொது. 1918-இல் கொல்லப்பட்ட ரஷ்யச் சக்கரவர்த்தி குடும்பத்தின் எலும்புகள் 1991-இல் தோண்டியெடுக்கப்பட்டபோது, சக்கரவர்த்தினியை அடையாளம் காண அவருடைய சகோதரியின் மகள் வழிப் பேரனான பிரிட்டிஷ் இளவரசர் பிலிப் இரத்தம் கொடுத்தார். அந்தக் குழியில் இல்லாத இரண்டு பிள்ளைகளின் எரிந்த எலும்புத் துண்டுகள் 2007-இல் அருகிலேயே கிடைத்து, அவையும் டி.என்.ஏ.யால் உறுதியாயின.

மங்களூர்க் கணக்கு

இவ்வளவு முறைகள் கையிலிருந்தும் தவறு நேருமா? நேர்ந்திருக்கிறது, நமக்கு மிக அருகிலேயே நேர்ந்திருக்கிறது.

2010 மே 22 அன்று துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரில் குன்றின்மேல் அமைந்த ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. அதில் இருந்த 166 பேரில் 8 பேர் பிழைத்தனர். 158 பேர் மாண்டனர். உறவினர்கள் மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள். கருகிய உடல்களுக்கிடையே கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் துணியின் கிழிசலையும் வைத்துத் தேடினார்கள். விரைவிலேயே 136 உடல்கள் அவ்வாறு அடையாளம் கூறப்பட்டு ஒப்படைக்கப்பட்டன. 22 உடல்கள் எஞ்சின. அவற்றின் மாதிரிகளும் உறவினர்களின் இரத்தமும் ஹைதராபாத்திலுள்ள டி.என்.ஏ. ரேகை ஆய்வு மையத்திற்குச் சென்றன.

முடிவு வந்தது. 22-இல் 10 உடல்களே காத்திருந்த குடும்பங்களுடன் பொருந்தின. 12 உடல்கள் அவர்களுள் எவருடனும் பொருந்தவில்லை.

இதன் பொருளை ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள். விமானத்தில் இருந்தவர்களின் பட்டியல் முழுமையாகத் தெரிந்தது. வெளியாள் யாரும் இல்லை. அப்படியானால் இந்த 12 உடல்களும் பட்டியலில் உள்ள பன்னிரண்டு பேருடையவையே. ஆனால் காத்திருக்கும் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் அல்லர். எஞ்சுவது ஒரே விளக்கம்: ஏற்கெனவே உடலைப் பெற்றுச் சென்ற குடும்பங்களில் சில, வேறொருவரின் உடலைத் தம்முடையதென்று கொண்டுபோய்விட்டன. ஒவ்வொரு தவறும் இரண்டு வீடுகளைத் தொடுகிறது. ஒரு வீட்டில் தம்மவரின் உடல் கிடைக்கவே இல்லை. மற்றொரு வீட்டில் அறியாத ஒருவருக்கு ஈமக்கடன் முடிந்துவிட்டது. பொருந்தாத அந்த 12 உடல்களும் மே 27 அன்று மங்களூரிலேயே ஒருசேர அடக்கம் செய்யப்பட்டன.

அந்த உறவினர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த அறையில் நிற்கும் மனிதனின் கண் பார்ப்பதற்காக அங்கே வரவில்லை. தேடலை முடித்துக்கொள்ளவே வந்திருக்கிறது. உயரம் ஒத்தால் போதும், ஒரு சட்டைத் துண்டின் நிறம் ஒத்தால் போதும். வெப்பத்தில் உடலும் முகமும் எவ்வளவு மாறுகின்றன என்பதை மேலே கண்டோம். பணப்பையும் கடிகாரமும் பக்கத்து இருக்கைக்காரரிடம் போய்ச் சேர்ந்திருக்கலாம். குறை, கண்ணால் காட்டிய அடையாளத்தையே போதுமென்று ஏற்ற ஏற்பாட்டில் இருக்கிறது. இரண்டு நாள் பொறுக்கச் சொல்வது இரக்கமற்ற செயல் போலத் தோன்றும். எல்லா உடல்களிலிருந்தும் ஒப்படைக்கும் முன்னரே மாதிரி எடுத்து ஒப்பிட்டிருந்தால் அந்தப் பன்னிரண்டும் அவரவர் ஊருக்குப் போயிருக்கும் என்பதே என் எண்ணம்.

பன்னாட்டுக் காவல் அமைப்பான இன்டர்போல் இதற்கென ஒழுங்கு வகுத்திருக்கிறது. விரல் ரேகை, பல், டி.என்.ஏ. ஆகிய மூன்றே முதல்நிலை அடையாளங்கள். தழும்பு, பச்சை குத்தல், உடமைகள் யாவும் துணைச் சான்றுகள். பார்த்து அடையாளம் சொல்வதை மட்டும் நம்பக் கூடாது. அவர்களுடைய படிவங்கள் இரு நிறத்தவை. இறந்த உடலில் கண்டதை ஆய்வாளர்கள் இளஞ்சிவப்புப் படிவத்தில் எழுதுகிறார்கள். காணாமற் போனவரைப் பற்றி உயிருடன் இருந்தபோது தெரிந்ததை, குடும்பத்தாரிடமும் மருத்துவரிடமும் கேட்டு மஞ்சள் படிவத்தில் எழுதுகிறார்கள். இரண்டு படிவங்களும் சந்தித்தால்தான் பெயர் கிடைக்கும்.

நம் நாட்டில் காலியாகக் கிடப்பது பெரும்பாலும் மஞ்சள் படிவம். பாரிஸ் சீமாட்டிக்கு 1897-இல் பல் குறிப்பேடு இருந்தது. நம்மில் எத்தனை பேருக்கு இன்று இருக்கிறது? பல்லைப் பிடுங்கிக்கொண்டு வருகிறோம். எந்தப் பல் என்ற குறிப்பு எங்கும் இல்லை. ஆதாரில் ரேகை இருக்கிறதே என்று ஒரு மாணவர் வகுப்பில் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் 2016-ஆம் ஆண்டு ஆதார்ச் சட்டம் அடிப்படை உடற்பதிவுகளை எக்காரணத்திற்காகவும் பிறருடன் பகிர்வதைத் தடை செய்கிறது. தவிர, தீயில் முதலில் போவது விரல் நுனிகள்தாம்.

எக்ஸ்ரே படங்களை நம் மருத்துவமனைகள் நம் கையிலேயே கொடுத்துவிடுகின்றன. குணமானதும் அவை பரண்மேல் போய், பிறகு பழைய பேப்பர்க்காரரிடம் போகும். சூரிய கிரகணத்தன்று பிள்ளைகள் அதன்வழியே சூரியனைப் பார்ப்பதும் உண்டு. (அது கண்ணுக்குக் கேடு, செய்யாதீர்கள்.) என் வீட்டுப் பரணில் தேடியபோது தாயாரின் முழங்கால் படமும், தம்பி கல்லூரி நாளில் கை முறிந்தபோது எடுத்ததும், என் கடைவாய்ப் பல்லின் சிறு படம் ஒன்றும் கிடைத்தன. எது யாருடையது என்று கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் ஆயிற்று. உறைகளின்மேல் பெயரும் தேதியும் எழுதி, குடும்ப அட்டை வைக்கும் பெட்டியில் அடியில் வைத்திருக்கிறேன்.